நோயில்லாதவரிடமும் கேட்டவர்

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் தமிழ் மூத்தோர் நடுவே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



“மூலம்தான், வேறொன்றுமில்லை.”

யாழ்ப்பாணத்து வீடானாலும் தஞ்சாவூர் வீடானாலும் இந்தச் சொல் கேட்காத வீடு குறைவு. கழிவறையில் ரத்தத்தைக் கண்டவர் முதலில் யாரிடமும் சொல்வதில்லை. கூச்சம். சில வாரம் கழித்து வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ மெல்லச் சொல்வார். கருணைக்கிழங்கு வேகும், மிளகாய் குறையும், துத்தி இலை தேடி ஆள் போகும். ரத்தம் நிற்கும். நின்றதுமே மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி வரும். பெருங்குடலில் வளரும் கட்டியும் அப்படித்தான் கசியும்: சில நாள் கசியும், சில நாள் ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் மனிதர் ஏமாந்துபோகிறார்.

1988-இல் ‘கேன்சர் ரிசர்ச்’ என்ற ஆய்வேட்டில் மெல்பேர்னிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்று வந்தவர்களுக்கு அதற்கு முன் என்னென்ன நோய்கள் இருந்தன, என்னென்ன அறுவைகள் நடந்தன, என்னென்ன மருந்து சாப்பிட்டார்கள் என்பதை, அந்தப் புற்று இல்லாதவர்களோடு ஒப்பிட்ட கட்டுரை அது. அதில் ஒரு செய்தி நம் காதில் ஊசியாகக் குத்த வேண்டும். புற்று வந்தவர்களிடையே, “எனக்கு மூலம் இருந்தது” என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிகம். ஆண்களிலும் அதிகம், பெண்களிலும் அதிகம். மூலம் புற்றாக மாறுவதில்லை. அவர்களில் சிலருக்காவது, மூலம் என்று பெயர் பெற்று நடமாடியது கட்டியின் முதல் கசிவாகவே இருந்திருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. பேர்தான் மாறியிருந்தது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் மூவர்: கேப்ரியல் கியூன், சூசன் கியூன், லின்ட்சி வாட்சன். முதலாமவர் அறுவை மருத்துவர், மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர். இன்றைய பேச்சு அவரைச் சுற்றித்தான்.

அவருக்கு முன் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். மெல்பேர்னில் குடலறுவை என்ற துறைக்கு வேர் ஊன்றியவர் எட்வர்ட் ஹியூஸ். 1919-இல் பிறந்து 1998-இல் மறைந்தவர். ‘பில் ஹியூஸ்’ என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். லண்டனில் செயின்ட் மார்க்ஸ் என்றொரு மருத்துவமனை உண்டு. 1835-இல் ஏழைகளின் ஆசனவாய் நோய்களுக்கென்றே ஏழு படுக்கையோடு தொடங்கியது. உலகெங்கும் இருந்து குடலறுவை கற்க வருபவர்கள் அங்கேதான் போவார்கள். ஹியூஸும் போனார். திரும்பி வந்து, பலரும் ஒதுங்கி நின்ற அந்த உறுப்பையே தன் துறையாக எடுத்துக்கொண்டார். ஆசனவாய், மலக்குடல் அறுவை பற்றி 1957-இல் அவர் வெளியிட்ட நூல் பல நாடுகளில் பாடநூலானது. வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தப்பட்ட நோயாளிகள் வீட்டில் எப்படி வாழ வேண்டும் என்று அவர்களுக்காகவே எளிய கையேடுகளும் எழுதினார். பின்னர் மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியராக ஆல்பிரட் மருத்துவமனையில் பணியாற்றினார். சர் பட்டமும் பெற்றார்.

குடலறுவையோடு அவர் நிற்கவில்லை. சாலை விபத்தில் சிதைந்து வருபவர்களைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போய், காரில் இருக்கைப் பட்டி கட்டுவதைச் சட்டமாக்க வேண்டும் என்று முன்னின்று வாதாடிய அறுவை மருத்துவர்களில் அவரும் ஒருவர். 1970 டிசம்பரில் விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதன்முதலாக அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று காலை ஸ்பிரிங்வேல் வீதியில் பட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அந்த வாதத்தில் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

அறுவை மேசைக்கு வந்துசேர்ந்த பிறகு ஒரு மனிதருக்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதற்கு முன்னால் போக வேண்டும் என்று நினைத்த அறுவை மருத்துவர்கள் இந்த நகரத்தில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள் என்பதற்காகவே ஹியூஸின் கதை. கேப்ரியல் கியூனும் அந்த வழியில் நடந்தவர்.

கியூன் முதலில் பேர் வாங்கியது பித்தப்பையில். பித்தநாள அறுவை பற்றி 1972-இல் அவர் எழுதிய நூல் அறுவை மருத்துவர்களிடையே நன்கு அறியப்பட்டது. 1980-இல் அவ்னி சாலியோடு சேர்ந்து அதன் அடுத்த பதிப்பையும் கொண்டுவந்தார். பெயர் நிலைத்துவிட்ட துறையிலேயே ஓய்வுவரை உட்கார்ந்திருக்கலாம். அவர் கேள்வியை மாற்றினார். இந்தக் கட்டியை எப்படி வெட்டுவது என்பதிலிருந்து, இந்தக் கட்டி இவருக்கு ஏன் வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வந்தார்.

இதில் அவருக்கு முன்னோடி உண்டு. அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்கிட் உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்தார். இங்கிலாந்து மருத்துவமனைகளில் நாள்தோறும் பார்க்கும் குடல்புற்றை ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் ஏன் காண முடியவில்லை என்று யோசித்தார். மலத்தை எடை போட்டார். சாப்பிட்டது எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகிறது என்று அளந்தார். நார்ச்சத்து நிறைந்த உணவு குடலில் தங்காமல் போகிறது, அதுதான் காப்பு என்று 1971-இல் எழுதினார். பல மருத்துவர்கள் முகம் சுளித்த வேலை அது. அவர் அதைச் சலிக்காமல் செய்தார்.

மெல்பேர்னில் நடந்தது இன்னும் பெரிய முயற்சி. 1980-81-இல் ஒரு முழு ஆண்டு, இந்த நகரத்தில் புதிதாகக் குடல்புற்று என்று உறுதியானவர்கள் அத்தனை பேரையும் கணக்கெடுப்பது என்று கியூனும் குழுவினரும் முடிவு செய்தார்கள். ஒரே ஒரு மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எடுத்தால் அங்கே வரும் வகை மனிதர்கள்தான் கணக்கில் இருப்பார்கள். நகரம் முழுவதையும் எடுத்தால்தான் நகரத்தின் உண்மை தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வந்தார்கள். அவர்களில் 715 பேரிடம் விரிவாகக் கேள்வி கேட்டார்கள். அவர்களோடு வயதிலும் பாலிலும் ஒத்த, குடல்புற்று இல்லாத, இதே நகரத்து மக்கள் 727 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட நூறு பேரில் இருபது பேருக்கு வயிற்றோட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது பேரையும் கூப்பிட்டுக் கேட்டால், “பாயசம் குடித்தோம்” என்பார்கள். பழி பாயசத்தின் மேல் விழும், சமையல்காரருக்கு வசவு விழும். மீதி எண்பது பேரிடமும் கேட்டுப் பார்த்தால் அவர்களும் பாயசம் குடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த இருபது பேரும் கடைசிப் பந்தியில் மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டவர்கள், இந்த எண்பது பேரும் ஊற்றிக்கொள்ளாதவர்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். நோயாளியிடம் மட்டும் கேட்டால் கதை கிடைக்கும். நோயில்லாதவரிடமும் கேட்டால்தான் காரணம் கிடைக்கும்.

கேட்ட கேள்விகள் கொஞ்சமல்ல. என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள், குடும்பத்தில் யாருக்குப் புற்று வந்தது, எத்தனை பிள்ளைகள், முதல் பிள்ளை எத்தனை வயதில், எங்கே பிறந்தவர்கள், எந்தச் சமயம், என்ன நோய், என்ன மருந்து. மனநிலையைக்கூட விடவில்லை. பல ஆண்டுகள் இந்த விடைகளை அலசி, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் வெளிவந்தன. 1987-இல் உணவு பற்றி: காய்கறியும் நார்ச்சத்தும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவு. மது பற்றி: பீர் அதிகம் குடித்த ஆண்களிடம் மலக்குடல் புற்று அதிகம். நம் விழாக்களின் கார் நிறுத்துமிடத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

பிறகு 1988-இன் அந்தக் கட்டுரை. மருந்துகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தலைகாட்டியது. ஆஸ்பிரின் கலந்த மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களிடம் குடல்புற்று சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் விழுங்கும் மலிவான வெள்ளை மாத்திரை. மனிதர்களில் ஆஸ்பிரினுக்கும் குடல்புற்றுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று காட்டிய முதல் ஆய்வாக இன்றும் இதைத்தான் சுட்டுகிறார்கள்.

ஆஸ்பிரினுக்கும் இந்த நகரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் பேயர் ஆஸ்பிரின் கிடைக்காமல் போனது. 1915-இல் மெல்பேர்ன் மருந்துக்கடைக்காரர் ஜார்ஜ் நிக்கோலஸ் தானே தூய ஆஸ்பிரின் செய்து காட்டினார். அதுதான் பிறகு ‘ஆஸ்ப்ரோ’ என்ற பெயரில் உலகமெங்கும் போயிற்று. “தலையிடிக்கு ஒரு ஆஸ்ப்ரோ” என்று கொழும்பிலும் மதுரையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். அவர்கள் விழுங்கியது மெல்பேர்னில் பிறந்த மாத்திரை. ஜார்ஜின் அண்ணன் ஆல்பிரட் நிக்கோலஸின் பெயரில் டாண்டினாங் மலையில் உள்ள தோட்டத்துக்கு நம் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் படம் எடுக்கப் போகின்றன. குளத்தருகே படகுவீட்டைப் பின்னணியாக வைத்து நிற்கும்போது அடுத்த முறை இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கியூனின் முடிவை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்காததும் சரிதான். நினைவிலிருந்து கேட்டுப் பெற்ற விடை தவறலாம். ஆஸ்பிரின் சாப்பிடும் மனிதர் வேறு விதங்களிலும் மாறுபட்டவராக இருக்கலாம். 1991-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வில், அடிக்கடி ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே பெருங்குடல் புற்றால் இறப்பது ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. ஆனால் ஒருவருக்கு ஆஸ்பிரினும் ஒருவருக்குப் போலி மாத்திரையும் குலுக்கல் முறையில் கொடுத்துச் செய்த சோதனைகள் முதலில் கைவிரித்தன. அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த சோதனை ஐந்தாண்டில் பலனெதையும் காட்டவில்லை. பெண்களிடையே நடந்த சோதனை பத்தாண்டில் காட்டவில்லை. அதே பெண்களை 18 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது பலன் தெரிந்தது. 2010-இல் ஆக்ஸ்ஃபர்டின் பீட்டர் ராத்வெல் பழைய இதயநோய்ச் சோதனைகளை இருபதாண்டு தள்ளி எடுத்துப் பார்த்தார். குடல்புற்று வருவது சுமார் கால்பங்கு குறைந்திருந்தது, அதனால் இறப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. குடலில் ஒரு சிறு முளை கட்டியாக வளரப் பத்தாண்டுக்கு மேலும் எடுக்கும். அவசரப்பட்ட சோதனைக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

குடும்பவழியாக வரும் லிஞ்ச் நோய்க்கூறு உள்ளவர்களிடம் பலன் இன்னும் தெளிவாக வந்தது. இங்கிலாந்தின் ஜான் பர்ன் நடத்திய சோதனையில் 861 பேர் கலந்துகொண்டார்கள். நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களிடையே பின்னாளில் குடல்புற்று கணிசமாகக் குறைந்தது. அந்தச் சோதனையில் ராயல் மெல்பேர்ன் மருத்துவமனையின் ஃபின்லே மக்ரேயும் பங்காளி. 2025-இல் ஸ்வீடனின் குடலறுவை மருத்துவர் அன்னா மார்ட்லிங் தலைமையில் வந்த ஆய்வு, அறுவை முடிந்த நோயாளிகளில் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகிறது என்று காட்டியது. கத்தி பிடித்த கைகள் கேள்வி பிடிப்பது கியூனோடு நின்றுவிடவில்லை.

இங்கே நின்று ஓர் எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

இதே மெல்பேர்னிலிருந்துதான் மறுபக்கமும் வந்தது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்நீல் தலைமையில் ‘ஆஸ்பிரீ’ என்ற சோதனை நடந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,114 முதியவர்கள். ஆஸ்திரேலியாவில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 70 வயது தாண்டிய நலமானவர்கள். பாதிப்பேருக்கு நாள்தோறும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப்பேருக்குப் போலி மாத்திரை. 2018-இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் அவர்களுடைய ஆயுளை நீட்டவில்லை. கடுமையான ரத்தக்கசிவு கூடியது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் இறப்பும் சற்றுக் கூடியிருந்தது, அந்தக் கூடுதலில் பெரும்பகுதி புற்றால் வந்தது. நாற்பது, ஐம்பது வயதில் முளையைத் தடுக்கும் மருந்து, எழுபதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால் உதவுவதில்லை, கெடுதலும் செய்யலாம் என்பதுதான் இதுவரை தெரிந்தது. 2017-இன் ஆஸ்திரேலிய வழிகாட்டி, 50 முதல் 70 வயதுக்குள் தொடங்குவதைப் பற்றித்தான் மருத்துவரோடு பேசிப் பார்க்கச் சொன்னது. வயிற்றுப்புண் உள்ளவர், ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்குக் கணக்கே வேறு. இதயத்துக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது. குடும்ப மருத்துவரான ஜிபியிடம் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

முப்பதாண்டு இடைவெளியில் ஒரே நகரம் ஒரு மருந்தின் நன்மையையும் எல்லையையும் சொல்லியிருக்கிறது. முதல் ஆய்வை இரண்டாவது பொய்யாக்கிவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு காலம் என்ற கேள்விகள் முதல் ஆய்விலிருந்துதான் பிறந்தன.

கியூனின் ஆராய்ச்சியில் எல்லாமே நிலைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1991-இல், கோபத்தை வெளியே காட்டாமல் விழுங்குபவர்களிடம் குடல்புற்று அதிகம் என்றொரு கட்டுரை வந்தது. 1993-இல், சமயப்பற்று உள்ளவர்களிடம் அது குறைவு என்று மற்றொன்று. மனத்துக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் ஒரு நூலும் கொண்டுவந்தார். கேட்கத் துணிந்தது நல்லது. ஆனால் நோய் தெரிந்த பிறகு குணத்தைப் பற்றிக் கேட்டால் நோயே விடையை மாற்றிவிடும். நம் சமூகத்தில் இந்த முடிவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. “எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே வைத்துப் பொருமினாள், அதுதான் கட்டியாய்க் கிளம்பியது” என்று இறந்துபோன பெண்ணின் மேலேயே பழியைப் போடும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. போர் பார்த்து, முகாம் பார்த்து, கடல் தாண்டி வந்த தாய்மார்களிடம் அதைச் சொல்வது கொடுமை. அந்தக் கட்டுரைகளை அதற்கு ஆதாரமாக யாரும் எடுக்கக்கூடாது.

அவருடைய குழு 1986-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று குடியேறியவர்களையும் பார்த்தது. குடல்புற்று மண்ணோடு மாறும் நோய் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஜப்பானில் இருந்தவரை இந்த நோய் குறைவாக இருந்த மக்கள் ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறியபோது, ஒரு தலைமுறைக்குள்ளேயே அந்நாட்டு அளவை எட்டினார்கள். இந்தியாவில் குடல்புற்று உலகிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பு, விசா முத்திரைபோல் காலாவதி ஆகிவிடுகிறது.

ஸ்பிரிங்வேலுக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு வேறு இல்லை. எண்டர்பிரைஸ் விடுதி இருந்த ஊர் இது; வியட்நாமியரும் கம்போடியரும் தப்பி வந்து முதலில் தங்கிய ஊர். பிறகு நாமும் வந்தோம். பக்கிங்ஹாம் அவென்யூ கடைகளில் இன்றும் கீரை கட்டுக்கட்டாக இருக்கிறது. பாகற்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய், பயற்றங்காய், வாழைப்பூ எல்லாம் கிடைக்கிறது. பர்கிட்டும் கியூனும் பல ஆண்டு ஆராய்ந்து கண்ட உணவுத்தட்டு அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. வாங்குவது பெரும்பாலும் அம்மம்மாக்கள். பேரப்பிள்ளைகளின் தட்டில் அது விழுவதில்லை. மதிய உணவுப் பெட்டியில் வெள்ளை ரொட்டியும் பதப்படுத்திய இறைச்சித் துண்டும் போகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்தது. சேர்த்ததற்கு முதன்மைக் காரணமே குடல்புற்று. குரக்கன் பிட்டும் கீரைக்கறியும் சமைக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையாக இந்த அவை இருந்துவிடக்கூடாது.

உணவை மாற்ற நாளாகும். இன்னொன்றை இந்த வாரமே செய்யலாம்.

50 வயது ஆனதும் மெடிகேர் அட்டையில் பெயருள்ளவருக்கு ஓர் உறை வரும். 2006-இல் தொடங்கிய தேசியக் குடல் பரிசோதனைத் திட்டம் அது. இப்போது 50 முதல் 74 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை தானாக வருகிறது. 2024 ஜூலை முதல் 45 தாண்டியவர்களும் கேட்டுப் பெறலாம். காசு இல்லை. ஆனால் உறை வந்த பத்துப்பேரில் நான்கு பேரளவுதான் செய்து திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோரிடையே அது இன்னும் குறைவு. உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல், பழைய கரண்ட் பில்களோடு கிடக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பயம். தண்ணீரில் கரையும் தாள்கள் உண்டு. கழிவறைக் கோப்பையில் விரித்து அதன்மேல் மலம் கழிக்க வேண்டும். இரண்டு சிறு குழாய்கள் உண்டு, விரல் நீளம்கூட இல்லை. மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒரு மெல்லிய குச்சி வரும். குச்சியின் நுனியால் மலத்தின் மேல் இலேசாகக் கீறினால் போதும், கை படவே படாது. மறுபடி குழாய்க்குள் செருகித் திருகி, பெயரும் தேதியும் எழுதிப் பையில் போட வேண்டும். அடுத்த முறை கழிக்கும்போது இரண்டாவது குழாய். அவ்வளவுதான்.

முதல் குழாய்க்கும் இரண்டாவதற்கும் நடுவே அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறது குறிப்பு. இங்கேதான் நம்மில் பலர் விட்டுவிடுகிறார்கள். சாமிக்குப் படைக்கும் பாலும் தயிரும் இருக்கும் பெட்டியில் இதையா என்ற தயக்கம் நியாயமானதுதான். குழாய் இறுக மூடியது, அதன்மேல் பை மூடியது. அதையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துக் கீழ்த்தட்டின் மூலையில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. வெப்பம் பட்டால் ரத்தத்தின் தடயம் அழிந்து, இருப்பதும் இல்லை என்று வந்துவிடும், அதனால்தான் குளிர். முதல் குழாய் எடுத்த 14 நாளுக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும்படி, தாமதிக்காமல் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்று என்று பொருளில்லை. ஜிபி, கொலனோஸ்கோப்பிக்கு அனுப்புவார். குழாயில் கமெரா வைத்துப் பார்ப்பார்கள். முளை இருந்தால் அப்போதே அறுத்து எடுத்துவிடுவார்கள். கட்டியாகும் முன்பே கதை முடிந்துவிடும். அதே வேளை, கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் வருபவருக்கு இந்த உறை உரியதன்று. அவர் உறைக்காகக் காத்திராமல் நேரே ஜிபியிடம் போக வேண்டும். “மூலமாக இருக்கும்” என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகாமல், “ரத்தம் வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கியூன் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் பாக்கி: குடும்பத்தில் யாருக்கு வந்தது? நம் வீடுகளில் இதற்கு விடை கிடைப்பது அரிது. அப்பப்பா “வயிற்றில் கட்டி வந்து” போனார், பெரியம்மா “வயிற்றுக்குத்தில்” போனார், மாமா “மெலிந்து மெலிந்து” போனார். புற்று என்ற சொல்லை வாயால் சொல்லாமலே மூன்று தலைமுறையை அடக்கம் செய்திருக்கிறோம். லிஞ்ச் போன்ற குடும்பவழி நோய்க்கூறு அந்தச் சொல்லாத சொற்களுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஊரில் இருக்கும் மூத்தவர்கள் கண் மூடுவதற்குள் தொலைபேசியில் கேட்டு, யாருக்கு என்ன, எத்தனை வயதில் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஐம்பதுக்கு முன் ஒருவருக்கு வந்திருந்தாலும், ஒரே பக்கத்தில் இருவருக்கு வந்திருந்தாலும், அந்தத் தாளைக் கட்டாயம் ஜிபியிடம் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சுமார் 15,000 பேருக்குக் குடல்புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. புற்றால் நேரும் இறப்பில் நுரையீரலுக்கு அடுத்தபடி இதுதான். தொடக்கத்திலேயே தெரிந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

உறை தொலைந்திருந்தால் 1800 627 701 என்ற எண்ணில் கேட்டால் வேறு அனுப்புவார்கள். ஆங்கிலம் தடுத்தால் முதலில் 131 450-ஐ அழைத்து, “தமிழ்” என்று மட்டும் சொல்லுங்கள்; மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார், காசு கேட்கமாட்டார்கள்.